பதினெட்டாக வெட்டிப் படித்த யுலிசஸ்

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துப் பல்ப்பர் மோட்டார் எரிந்துபோனதால்தான் நான் யுலிசஸ் நாவலைப் படித்து முடித்தேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், செய்முறை அப்புறம்.

சேலம் அம்மாப்பேட்டையில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். அப்பா போட்ட கடை. தறிப் பட்டறை மோட்டார், போர்வெல் மோட்டார், கல்யாண சீசனில் கிரைண்டர் என்று எல்லாம் வரும். பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்துவிட்டுக் கடையில் உட்கார்ந்தவன் நான். இருபது வருடத்தில் புத்தகத்தைத் தொட்டதைவிடச் செம்புக் கம்பியைத் தொட்டதுதான் அதிகம். ஆனாலும் அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்சின் அந்தத் தடிப் புத்தகம் மட்டும் பல்லில் சிக்கிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்று தடவை தொடங்கி, மூன்று தடவையும் ஒரே இடத்தில் நின்றேன். மூன்றாவது அத்தியாயம். ஸ்டீபன் டெடலஸ் என்கிற இருபத்திரண்டு வயசுப் பையன் கடற்கரையில் நடக்கிறான். நடந்துகொண்டே யோசிக்கிறான். அரிஸ்டாட்டில் வருகிறார், லத்தீன் வருகிறது, இத்தாலியன் வருகிறது, செத்த நாய் ஒன்று வருகிறது. எனக்குப் புரிந்தது நாய் மட்டும்தான்.

ஒரு டிசம்பரில் ஏற்காட்டிலிருந்து போன். காப்பிப் பழம் பறிக்கிற சமயம். பறித்த பழத்தைச் சீக்கிரம் பல்ப்பரில் போட்டுத் தோல் உரிக்காவிட்டால் குவியல் சூடேறிப் புளித்துவிடும். அதனால் பல்ப்பர் மோட்டார் எரிந்தால் அது ஆஸ்பத்திரி அவசரம் மாதிரி. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனேன். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவரின் சின்னத் தோட்டம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, கீழே காப்பி. கரண்டில் ஒரு பேஸ் போனதால் மோட்டார் கருகியிருந்தது. அதைக் கழற்றிவிட்டுக் கை கழுவ உள்ளே போனால், அலமாரியில் யுலிசஸ். பக்கத்தில் அதைப் பற்றியே நாலைந்து புத்தகங்கள்.

"சார், இதை நீங்க முழுசாப் படிச்சிருக்கீங்களா?"

"ரெண்டு தடவை. நீங்க?"

"மூணாவது அத்தியாயத்துலயே நிக்குதுங்க சார்."

"எந்தக் கைடு வச்சுப் படிச்சீங்க தம்பி?"

"நாவலுக்கு எதுக்குங்க சார் கைடு? பிட் அடிக்கிற மாதிரி இருக்காதுங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "சிலப்பதிகாரம் உரை இல்லாமப் படிச்சீங்களா?"

"இல்லீங்க."

"அடியார்க்கு நல்லார்கிட்ட கேட்டா கௌரவம், இவங்ககிட்ட கேட்டா பிட்டா?"

பதில் தெரியவில்லை. மோட்டாரோடு ஒரு புத்தகத்தையும் சாக்குப் பையில் வைத்துக் கொடுத்தார். ஹாரி பிளமையர்ஸ் 1966இல் எழுதிய வழிகாட்டி. யுலிசஸின் கதை 1904ஆம் ஆண்டு ஜூன் 16 என்கிற ஒரே நாளில், டப்ளின் நகரத்தில் நடக்கிறது. அந்த நாளுக்கு நாவலின் நாயகன் ப்ளூமின் பெயரால் ப்ளூம்ஸ்டே என்று பெயர். வழிகாட்டியின் தலைப்பிலும் அதுதான் இருக்கிறது. மலை ஈரத்தில் அட்டை பூத்து, ஓரமெல்லாம் பூச்சி அரித்த பிரதி.

முதலில் கெடுத்த வேலைகளைச் சொல்கிறேன்.

வழிகாட்டியை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் படித்தேன். அது முதல் தப்பு. விடையைப் பார்த்துவிட்டு விடுகதை கேட்ட மாதிரி ஆகிவிட்டது. நாவலைத் திறந்தால் சப்பென்று இருந்தது. சரி, இது வேண்டாமென்று டான் கிஃபோர்டின் குறிப்புப் புத்தகத்தைப் பழைய பிரதியாக வரவழைத்தேன். அது வரிக்கு வரி உரை. நாவலுக்குச் சளைக்காத தடிமன். இரண்டையும் மேசையில் விரித்து, ஒரு வரி நாவல், ஒரு பத்தி குறிப்பு என்று போனேன். இது இரண்டாவது தப்பு. கடற்கரை அத்தியாயம் மட்டும் பதினோரு நாள் ஆனது. எல்லாம் தெரிந்தது, ஒன்றும் ஒட்டவில்லை. மீனை முள் பார்த்துப் பார்த்தே தின்றால் ருசி எங்கே தெரியும்?

இன்னொரு தொல்லை பக்க எண். வழிகாட்டி சொல்கிற பக்கமும் என் பிரதியின் பக்கமும் ஒத்துப்போகவில்லை. யுலிசஸுக்கு ஏகப்பட்ட பதிப்புகள். 1984இல் ஹான்ஸ் வால்டர் கேப்லர் திருத்திய பதிப்பில் வரி எண்ணே உண்டு. கிஃபோர்டின் 1988 பதிப்பு அந்த வரி எண்ணைத்தான் பிடித்துப் போகிறது. என்னிடம் இருந்ததோ மலிவுப் பதிப்பு. போதாக்குறைக்கு நாவலில் அத்தியாயத் தலைப்பே கிடையாது. கலிப்சோ, ஹேடிஸ், சைரன்ஸ் என்று எல்லாரும் சொல்கிற பெயர்கள் கிரேக்கக் கவி ஹோமரின் ஒடிசி காவியத்திலிருந்து வந்தவை. ஜாய்ஸ் எழுதும்போது அப்படித்தான் அழைத்தார், அச்சில் மட்டும் எடுத்துவிட்டார். எந்த அத்தியாயம் எங்கே தொடங்குகிறது என்பதையே நாம்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் வேறொரு எரிந்த மோட்டார் மேசையில் இருந்தது. 3 எச்.பி., 36 ஸ்லாட், அதாவது கம்பி இறங்குகிற 36 பள்ளம். பழைய காயிலை, அதாவது கம்பிச் சுற்றை, வெட்டுவதற்கு முன்னால் எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்குப் போகிறது, எத்தனை சுற்று, என்ன கேஜ் கம்பி, இணைப்பு எப்படி என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வோம். இதற்கு டேட்டா எடுப்பது என்று பெயர். டேட்டா எடுக்காமல் உளியை வைத்தவன் பிறகு உட்கார்ந்து அழ வேண்டியதுதான். ஆனால் டேட்டா தாளைப் பார்த்துக்கொண்டே யாரும் காயில் சுற்றுவதில்லை. ஒரு தடவை பார்த்துவிட்டுச் சுவரில் ஆணியில் குத்திவிடுவோம். கை சுற்றும், வாய் எண்ணும்.

நாவலை இப்படியே செய்தால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது.

பொங்கல் விடுமுறையில் கடை பூட்டியிருந்தது. ஹாட் ஏர் கன்னால் புத்தகத்தின் முதுகை லேசாகச் சூடாக்கினேன். பசை இளகியது. பிளேடை வைத்து அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்தேன். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, புத்தகத்தை யாராவது இப்படி வெட்டுவாங்களா? ஆயுத பூஜைக்கு இதையும் சேர்த்து வைக்கிறோம்" என்றாள். கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீடு. எனக்கும் கை நடுங்கத்தான் செய்தது. பசையை ரொம்பச் சூடாக்கினால் தாள் ஓரம் பழுப்பாகிவிடும். பத்தாவது அத்தியாயத்துக்கு அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. சில இடங்களில் ஒரு அத்தியாயத்தின் கடைசிப் பக்கமும் அடுத்ததன் முதல் பக்கமும் ஒரே தாளின் இரண்டு முகங்களில் இருந்தன. அங்கே எல்லாம் ஒரு ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிக்கொண்டேன்.

பதினெட்டுக் கட்டுகள். ஸ்லாட்டுக்குள் வைக்கிற லெதராய்ட் பேப்பரில் அட்டை, காயில் கட்டுகிற நூலில் தையல். ஓரத்தில் மார்க்கர் பேனாவால் எண். மெலிந்தவை சட்டைப் பையில் போகும். பதினைந்தாவது மட்டும் தனிப் புத்தகம் மாதிரி தடிமன். அது நாடக வடிவில் எழுதிய அத்தியாயம், நாவலிலேயே நீளமானது.

ஒவ்வொரு அட்டையின் உள்பக்கத்திலும் டேட்டா எழுதினேன். இதற்கு ஜாய்சே உதவி செய்திருக்கிறார். எந்த அத்தியாயம் எத்தனை மணிக்கு, எந்த இடம், உடலில் எந்த உறுப்பு, எந்தக் கலை, என்ன எழுத்துமுறை என்று அவர் ஒரு அட்டவணை போட்டு நண்பர்களுக்குக் கொடுத்தார். அதை ஸ்டூவர்ட் கில்பர்ட் 1930இல் தன் வழிகாட்டியில் வெளியிட்டார். இந்தக் கில்பர்ட் பர்மாவில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்றவர். அப்போது நாவலுக்கு அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தடை இருந்ததால், மேற்கோள் மேல் மேற்கோளாகக் கொடுத்து வைத்தார். நாவலே கிடைக்காதவர்களுக்கு வழிகாட்டிதான் நாவல். பிறகு 1933 டிசம்பரில் அமெரிக்கத் தடையை நீக்கியதும் ஒரு நீதிபதிதான், ஜான் வூல்சி. அட்டவணையில் என் கட்டுகளுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டேன். 4: காலை 8 மணி, வீடு, குண்டிக்காய். 6: 11 மணி, இடுகாடு, இதயம். 11: மாலை 4, கச்சேரி அறை, காது. அவ்வளவு போதும்.

இனி முறை. வழிகாட்டியில் அந்த அத்தியாயத்துக்கு உள்ள பகுதியை மட்டும் இரவில் படிப்பது. யார் யார், எங்கே, என்ன நடக்கிறது, அது போதும். படித்ததும் வழிகாட்டியைப் பீரோவுக்குள் வைத்துவிடுவது. மறுநாள் கடையில், வார்னிஷ் காய்கிற நேரத்தில் கட்டை எடுத்து வாய்விட்டுப் படிப்பது. புரியாத இடத்தில் நிற்கக் கூடாது. ரொம்ப உறுத்தினால் பென்சிலில் ஒரு டிக். முடித்த பிறகு டிக் போட்ட இடங்களுக்கு மட்டும் கிஃபோர்டைத் திறப்பது, அதிலும் பத்துக்கு மேல் போகக் கூடாது. கடைசியில், பிடித்த இரண்டு பக்கத்தை இன்னொரு தடவை. இந்த இரண்டாவது வாசிப்புதான் முழுச் சாப்பாட்டில் கடைசியாக வரும் பாயசம்.

தொடங்கியது நாலாவது கட்டில். இது ஏற்காட்டு ஆசிரியர் போனில் சொன்னது. முதல் மூன்றும் ஸ்டீபனுடைய காலை. நாலாவதில் கடிகாரம் திரும்ப எட்டு மணிக்குப் போகிறது. லியோபோல்ட் ப்ளூம் என்கிற விளம்பரம் பிடிக்கிற ஆளின் காலை அங்கே தொடங்குகிறது. வயது 38. மனைவி மாலி பாடகி. அன்று மாலை அவளைப் பார்க்க இன்னொருவன் வரப்போகிறான் என்று ப்ளூமுக்குத் தெரியும். ஒரு மகன் பிறந்து பதினோரு நாளில் இறந்துவிட்டான். இவ்வளவையும் மனசில் வைத்துக்கொண்டு அந்த மனுஷன் கறிக்கடைக்குப் போய்ப் பன்றிக் குண்டிக்காய் வாங்கி வந்து வெண்ணெயில் வதக்குகிறான். மாடிக்கு டீ கொண்டுபோன இடத்தில் பேச்சு நீண்டு, கீழே தீய்கிற வாடை. ஓடி வந்து கருகிய ஓரத்தை வெட்டிப் பூனைக்குப் போட்டுவிட்டு மீதியைத் தின்கிறான். குண்டிக்காயில் லேசாக வருகிற அந்த மூத்திர வாசம்தான் அவனுக்குப் பிடிக்குமாம். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஈரலும் சுவரொட்டியும் கேட்டு வாங்குகிற ஊர்க்காரனுக்கு இதில் என்ன குறிப்பு வேண்டும்?

இதே அத்தியாயத்தில் மாலி ஒரு நாவலில் வந்த கடினமான சொல்லுக்கு அர்த்தம் கேட்கிறாள். மெட்டெம்சைக்கோசிஸ். கிரேக்கச் சொல், ஆன்மா உடல் விட்டு உடல் மாறுவது என்று ப்ளூம் சொல்ல, புரிகிற மாதிரி சொல்லேன் என்று அலுத்துக்கொள்கிறாள். வழிகாட்டிகள் இதை விரித்து எழுதுகின்றன, ஏனென்றால் ஒடிசியின் நாயகன் ஒடிசியஸ்தான் (யுலிசஸ் என்பது அவனுடைய லத்தீன் பெயர்) ப்ளூமாகத் திரும்பப் பிறந்திருக்கிறான் என்கிற விளையாட்டு அதில் இருக்கிறது. இதை என் மனைவியிடம் சொன்னேன். "மறுபிறவின்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே, அதுக்கு எதுக்கு ஒரு பக்கம்?" என்றாள். மாலியின் எரிச்சல் அப்படியே.

ஒன்றாவது கட்டையும் நாலாவது கட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்றில் ஸ்டீபன் ஒரு பழைய காவல் கோபுரத்தின் உச்சியில் நிற்கிறான். ஒரு மேகம் சூரியனை மெல்ல மூடத் தொடங்குகிறது, செத்துப்போன அம்மாவின் நினைவு அவனை அழுத்துகிறது. நாலில் ப்ளூம் கறியோடு தெருவில் வருகிறான். ஒரு மேகம் சூரியனை மெல்ல மூடத் தொடங்குகிறது, அவன் மனசும் இருண்டுபோகிறது. அதே சொற்கள், அதே மேகம். இரண்டு பேரும் இன்னும் சந்திக்கவே இல்லை. புத்தகம் முழுசாக இருந்திருந்தால் ஐம்பது பக்கம் புரட்டுவதற்குள் எனக்கு மறந்திருக்கும். வெட்டியதால் இரண்டு மேகமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தாள். பூஜை விஷயத்தை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

அடுத்து ஒன்று, இரண்டு, மூன்று. கடற்கரை அத்தியாயம் இந்தத் தடவை இரண்டு நாளில் முடிந்தது. புரிந்தது பாதிதான். ஆனால் நிற்கவில்லை. அவன் யோசிப்பது நமக்குப் புரிய வேண்டும் என்று எழுதியது இல்லை, அவன் யோசிக்கிற வேகத்தில் நாமும் நடந்தால் போதும் என்று தெரிந்தது. ஓடுகிற மோட்டாரில் காயிலை எண்ண முடியுமா?

நம் மொழி கை கொடுக்கிற இடங்களும் உண்டு. ப்ளூம் தனக்குள் பேசும்போது 'நான்' என்கிற சொல்லை விட்டுவிடுகிறான். ஆங்கில வாசகர்களை அது தடுக்கி விழவைக்கிறது. 'மறந்துட்டேன். நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று எழுவாய் இல்லாமலே நாள் முழுக்கப் பேசுகிற நமக்கு அது நம் வீட்டுப் பேச்சு. ஜாய்சின் ஓவிய நண்பர் ஃபிராங்க் பட்ஜன் 1934இல் எழுதிய புத்தகத்தில் ஒரு சம்பவம். நாள் முழுக்க வேலை செய்தேன், இரண்டு வாக்கியம் ஆயிற்று என்கிறார் ஜாய்ஸ். சரியான சொல்லைத் தேடினீர்களா என்று கேட்டால், சொற்கள் இருக்கின்றன, வரிசையைத்தான் தேடுகிறேன் என்கிறார். ப்ளூம் பட்டு உடைகள் தொங்குகிற கடையைப் பார்த்து ஏங்குகிற இடத்து வாக்கியங்கள் அவை. அணைப்புகளின் வாசம் அவனை முழுசாகத் தாக்கியது என்று வரும். ஆங்கிலத்தில் 'அவனை' என்பதை வினைக்கு முன்னால் கொண்டுவர அந்தப் பாடு. நமக்கு அது பிறவியிலேயே அப்படித்தான்.

இடுகாட்டு அத்தியாயத்தில் மழைக்கோட்டு போட்ட ஒருவர் நிற்கிறார். அவர் யாரென்று ப்ளூமுக்குத் தெரியவில்லை. நிருபர் கேட்க, ப்ளூம் கோட்டின் ஆங்கிலப் பெயரைச் சொல்ல, மாலைப் பத்திரிகையில் அது ஆளின் பெயராக, 'மெக்கின்டாஷ்' என்று அச்சாகிவிடுகிறது. ப்ளூமின் பெயரும் அதே செய்தியில் 'பூம்' என்று வருகிறது. ரேஷன் கார்டில் ஒரு பெயர், வாக்காளர் பட்டியலில் ஒரு பெயர் என்று வாழ்கிறவர்களுக்கு இது நகைச்சுவையா, செய்தியா? அந்த மழைக்கோட்டுக்காரர் யாரென்று வழிகாட்டிகளும் முடிவாகச் சொல்வதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

பதினொன்றில் வழிகாட்டி எனக்கு அவ்வளவாக உதவவில்லை. அது இசை அத்தியாயம். முதல் இரண்டு பக்கம் துண்டு துண்டான சொற்கள், உடைந்த ஒலிகள். அச்சுக் கோளாறோ என்று நினைக்க வைக்கும். கச்சேரிக்கு முன்னால் சுருதி சேர்க்கிற மாதிரி, பின்னால் வரப்போகிற துண்டுகளை முன்னாலேயே மீட்டிக் காட்டுகிறார் என்பது வரை வழிகாட்டி சொல்லும். கேட்டால்தான் மீதி. அயர்லாந்து வானொலி 1982 ஜூன் 16 அன்று நாவல் முழுவதையும் நடிகர்களை வைத்து ஒலிபரப்பியது, கிட்டத்தட்ட முப்பது மணி நேரம். அந்தப் பதிவைக் கடை ஸ்பீக்கரில் போட்டேன். கம்பி சுற்றுகிற மெஷின் ஓடிக்கொண்டிருக்க, பதினொன்று முழுசாக இறங்கியது. சிலப்பதிகாரத்தின் இசைப் பகுதியான கானல்வரிக்கு அடியார்க்கு நல்லார் உரை நமக்குக் கிடைக்காமலே போய்விட்டது. அதனால் கானல்வரி யாருக்குக் குறைந்துபோனது?

பன்னிரண்டு வேறு மாதிரி. மதுக்கடையில் நாட்டுப்பற்று பேசும் ஒரு முரட்டு ஆள். ப்ளூமின் அப்பா ஹங்கேரியிலிருந்து வந்த யூதர். உன் நாடு எது என்று கேட்கிறான் அந்த ஆள். அயர்லாந்து, நான் இங்கேதான் பிறந்தேன் என்கிறான் ப்ளூம். எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவோம். தலைமுறை தலைமுறையாக அம்மாப்பேட்டைதான். ஆனாலும் ரயிலில் யாராவது, "சொந்த ஊர் எதுங்க?" என்பார்கள். சேலம் என்பேன். "அதில்லீங்க, பூர்வீகம்?" அந்த இடத்தில் கிஃபோர்டைத் திறக்கவே இல்லை. கட்டை மூடி வைத்துவிட்டு வெளியே போய் ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அதே அத்தியாயத்தில் சிரித்து மாளாத ஒரு இடம். செத்தவரின் ஆவி வந்து, மேலுலகத்தில் எல்லா வசதியும் இருக்கிறது என்கிறது. தாலாஃபானா, ஆலாவாதார், ஹாதாகால்தா, வாதாக்லாசாத். பிரம்மஞான சபைக்காரர்களான தியசாபிக்காரர்களின் சமஸ்கிருத மோகத்தைக் கேலி செய்து, டெலிபோன், எலிவேட்டர், சுடுதண்ணி பச்சைத்தண்ணி, கக்கூஸ் ஆகியவற்றை அப்படி எழுதியிருக்கிறார். ஆங்கில வாசகர்கள் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டையும் ஹாட் வாட்டரையும் தமிழ் எழுத்தில் படித்தே வளர்ந்த நமக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது.

வழிகாட்டி இல்லாவிட்டால் செத்தோம் என்கிற அத்தியாயம் பதினாலு. பிரசவ ஆஸ்பத்திரி. உள்ளே ஒரு தாய் வலியில் இருக்கிறாள், வெளியே மருத்துவ மாணவர்கள் குடித்துக் கும்மாளம் போடுகிறார்கள். கரு வளர்வது போல ஆங்கில உரைநடையும் ஆதி காலத்திலிருந்து நூற்றாண்டு நூற்றாண்டாக வளர்ந்து வருகிறது. தமிழில் பழைய களவியல் உரையின் நடையில் தொடங்கி, திருவாய்மொழிக்கு எழுதிய ஈட்டு உரையின் மணிப்பிரவாளத்தில் போய், பிரதாப முதலியார் சரித்திரம் வழியாக வந்து, கடைசியில் ராத்திரி பதினொரு மணிக்குப் பழைய பஸ் ஸ்டாண்டில் குடிகாரர்கள் பேசுகிற பேச்சில் முடிந்தால் எப்படி இருக்கும்? அப்படி. எந்தப் பத்தி யாருடைய நடை என்று தெரியாமல் படித்தால் வெறும் காடு. இங்கே மட்டும் என் விதியை மீறி வழிகாட்டியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன்.

பத்தாவதை ஏற்காட்டில் படித்தேன். புதிதாகச் சுற்றிய மோட்டாரைப் பொருத்தி மெக்கர் வைத்து இன்சுலேஷன் பார்த்து, பல்ப்பர் ஓடிய பிறகு இன்னொரு நாள் சும்மாதான் போனேன். ஆசிரியர் லேடீஸ் சீட் என்கிற மலைமுனைக்குக் கூட்டிப்போனார். இருட்டுகிற நேரம். கீழே சேலம் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

"அங்க பாருங்க தம்பி. உங்க அம்மாப்பேட்டை எதுன்னு தெரியுதா?"

"அந்தப் பக்கமா இருக்கணுங்க சார்."

"அங்க ஒருத்தர் கடையைச் சாத்துறார். அஸ்தம்பட்டியில ஒரு பொண்ணு பஸ் ஏறுறா. ஜங்ஷன்ல ஒருத்தன் ரயிலை விட்டுட்டு நிக்கறான். எல்லாம் ஒரே நிமிஷத்துல. ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாது. உங்களுக்கு மட்டும் இங்கிருந்து தெரியுது. பத்தாவது அத்தியாயம் இவ்வளவுதான்."

பத்தொன்பது சின்னத் துண்டுகள். ஒரு துண்டின் நடுவே இன்னொரு தெருவில் நடப்பது ஒரு வரி மட்டும் திடீரென்று வந்து போகும். டப்ளின் வரைபடத்தில் சிவப்பு மையால் வழியைக் குறித்துக்கொண்டு, யார் எத்தனை நிமிடத்தில் எங்கே இருப்பார் என்று கணக்குப் போட்டு ஜாய்ஸ் எழுதினாராம். அதுவும் பட்ஜன் சொன்னதுதான். திரும்பி வரும்போது ஒவ்வொரு வளைவிலும் ஊர் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வந்தது. பழைய சினிமா ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவைத் தாண்டியபோது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. 1909இல் டப்ளினில் வோல்டா என்கிற சினிமா கொட்டகையைத் திறந்து நடத்தப் பார்த்தவர் இதே ஜாய்ஸ். வியாபாரம் ஓடவில்லை.

பதினேழைப் பற்றி எழுதாமல் விட முடியாது. என் தொழிலுக்கென்றே எழுதிய அத்தியாயம். கேள்வியும் பதிலுமாகப் போகிறது. நடுராத்திரியில் ப்ளூம் ஸ்டீபனை வீட்டுக்குக் கூட்டி வருகிறான். சாவியை மறந்துவிட்டதால் கம்பி வேலி ஏறிக் குதித்து உள்ளே போகிறான். கோக்கோ போட அடுப்பை மூட்டிக் குழாயைத் திறக்கிறான். தண்ணீர் வந்ததா என்று கேள்வி. வந்தது என்று ஒரே சொல்லில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் விக்லோ மாவட்டத்து ரவுண்ட்வுட் நீர்த்தேக்கம், 240 கோடி காலன் கொள்ளளவு, அங்கிருந்து நிலத்தடிக் குழாய், ஒரு கஜம் குழாய்க்கு 5 பவுண்டு செலவு, கோடை வறட்சியில் நீர்மட்டம் இறங்கியது, தண்ணீரை ராத்திரிக்கு 20,000 காலன் வீணாக்கி மாட்டிக்கொண்டவர்கள் என்று பதில் போகிறது. மேட்டூர்த் தண்ணீர் எங்கள் தெருக் குழாய்க்கு வந்து சேர்கிற கதையை யாராவது இப்படி எழுதினால் முதல் பிரதியை நான் வாங்குவேன். வார்னிஷ் டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை மூன்று தடவை படித்தேன். அந்த டப்பாவால் ஒரு வினை வந்தது, சொல்கிறேன்.

பதினெட்டு மாலியின் அத்தியாயம். எட்டே வாக்கியங்கள், நிறுத்தக்குறி கிட்டத்தட்ட இல்லவே இல்லை. படுத்துக்கொண்டு அவள் நினைப்பது. இதைப் பாதி படித்தேன், பாதி கேட்டேன். எங்கள் அத்தை தூக்கம் வராமல் அம்மாவிடம் பேசுகிற பேச்சு இதே ஓட்டம்தான், எங்கேயும் முற்றுப்புள்ளி இருக்காது. ஜூன் 16க்குள் முடித்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஜாய்ஸ், பிறகு தன் மனைவியான நோராவோடு முதன்முதலாக வெளியே போன நாள் என்பதால் அந்தத் தேதியை நாவலுக்கு எடுத்துக்கொண்டார். எனக்கு அந்த வாரம் போர்வெல் மோட்டாராக வந்து குவிந்தது. முடித்தது ஆடியில், கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குக் கடை சாத்தியிருந்த நாளில்.

வழிகாட்டியைத் திருப்பிக் கொடுக்க மலைக்குப் போனபோது பதினெட்டுக் கட்டையும் மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போனேன். ஆசிரியர் ஒவ்வொன்றாக எடுத்து லெதராய்ட் அட்டையைத் தடவிப் பார்த்தார். பதினேழின் கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"தம்பி, இங்க ஒரு புள்ளி இருந்திருக்கணுமே?"

"பெரிய கறுப்புப் புள்ளிங்களா சார்? அது வார்னிஷ் சொட்டுன்னு நெனச்சேனுங்க. பிளேடு வச்சு நேக்காச் சுரண்டி எடுத்துட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தூங்கப்போகிற ப்ளூமைப் பற்றிய கடைசிக் கேள்வி, 'எங்கே?' அதற்குச் சொல் எதுவும் பதிலாக வரவில்லை. பதிலே அந்தப் புள்ளிதானாம். பெரிதாக இருக்க வேண்டும் என்று ஜாய்ஸ் கேட்டு வாங்கியது. சில பதிப்புகளில் அது விடுபட்டே போயிருக்கிறது.

"என்னோடதுல இருந்துதுங்க சார்" என்றேன்.

"இருந்துது" என்றார்.

ராத்திரி கடையைத் திறந்து, கறுப்பு வார்னிஷில் தீக்குச்சி முனையைத் தொட்டு, சுரண்டிய இடத்தில் ஒரு சொட்டு வைத்தேன். தாள் மெலிந்திருந்ததால் கொஞ்சம் பரவியது. காய நாலு மணி நேரம் ஆனது.